மூக்கு ஓகே

லேபிள் சாருக்கு மூக்கு இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எடுப்பான மூக்கு, கண்ணாடி வழுக்காமல் உட்காருகிற மூக்கு. ஆனால் அந்த மூக்குக்கு வாசனை தெரியாமல் போய் இரண்டு வருடமாகிவிட்டது. ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுக்கையில் போட்டது. எழுந்தபோது பசி திரும்பி வந்தது, தெம்பு திரும்பி வந்தது, வாசனை மட்டும் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்தார். சோப்பை முகர்ந்தார், வெங்காயத்தை முகர்ந்தார், யாரும் பார்க்காத நேரத்தில் தன் செருப்பையே எடுத்து முகர்ந்தார். ம்ஹூம். டாக்டரிடம் போனதற்கு, "வந்தா வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் இவர் இதைச் சொல்லவில்லை, கட்டின மனைவியிடம்கூட.

ஏன் சொல்லவில்லை? அங்கேதான் ரயில் வருகிறது.

அவருடைய மச்சினன் ஒரு பல் டாக்டர். அந்த மச்சினன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடும். பொம்மை ரயில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கே கூடுகிற இருபது பேரும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். எஞ்சின் இரண்டு சாண் நீளம்தான். ஆனால் உள்ளே இருப்பது நிஜ பாய்லர், நிஜத் தண்ணீர், நிஜ நெருப்பு. அடியில் ஸ்பிரிட்டில் நனைந்த திரி எரியும், தண்ணீர் கொதிக்கும், நீராவி பிஸ்டனைத் தள்ளும், எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு புறப்படும். இடுப்பு உயரத்துக்கு மரச்சட்டம் போட்டு, எலுமிச்சை மரத்தைச் சுற்றிக்கொண்டு, வேலி ஓரமாகப் போய்த் திரும்பி வருகிற தண்டவாளம். அதைச் சுற்றி நடுவயதுக்காரர்கள் கூட்டம், அவரவர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு, பிள்ளைக்கு நடை பழக்குகிற மாதிரி.

இந்தக் கூட்டத்துக்கு நீராவிப் பொறுப்பாளர் லேபிள் சார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பது வருடமாக வேலை. பாட்டிலைப் பார்த்தால் கை தானாக லேபிளைத் தேடும். பாய்லரில் ஊற்றுகிற தண்ணீரும் திரியில் எரிகிற ஸ்பிரிட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது, மூக்குக்குத்தான் பிடிபடும். அதனால் பத்து வருடத்துக்கு முன்பே அவர் கைப்பட எழுதித் தோட்டத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார். முதல் விதி: நெருப்பு வைக்கும் முன் மூக்கை வை. எந்த எஞ்சினாக இருந்தாலும் சரி, பொறுப்பாளர் பாட்டிலை முகர வேண்டும், இணைப்புகளை முகர வேண்டும், பிறகு உரக்க "மூக்கு ஓகே!" என்று சொல்ல வேண்டும். தோட்டம் மொத்தமும் "பத்த வை!" என்று பதில் குரல் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் தீக்குச்சி.

இரண்டு வருடமாக அந்த மனிதர் எதுவும் தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு "மூக்கு ஓகே" சொல்லிக்கொண்டிருந்தார்.

பொறுப்பை விட்டுவிட்டால் என்னவாம் என்று கேட்கலாம். கேட்பது சுலபம். ஆஸ்பத்திரியில் அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கை, அவ்வளவுதான். இந்தத் தோட்டத்தில்தான் அவர் "சார்". யாராவது எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கண் அவரைத் தேடும். அதை விட மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக லேபிள்களைப் பெருக்கினார். பாட்டிலுக்கு லேபிள், மூடிக்கு லேபிள், அடியில் இன்னொரு லேபிள். எல்லாரும் கிண்டல் செய்தார்கள். "அத்தான், அக்கா நெத்தியில ஒண்ணு ஒட்டிடுங்க, மாத்தி யாரையாவது கூட்டிட்டுப் போயிடப் போறீங்க" என்று மச்சினன் ஒருநாள் வாரினார். இவரும் சிரித்து வைத்தார். மூக்கு போனவனுக்கு லேபிள்தான் மூக்கு என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவரம்மா முதல்முறையாகத் தன் சொந்த எஞ்சினைக் கொண்டு வந்தார்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். மூன்று வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருவார், ஓரமாக நிற்பார், பார்ப்பார், சந்தேகம் கேட்பார், போய்விடுவார். வீட்டுச் சமையலறை மேசையில் வைஸ் மாட்டி, காலை ஷிஃப்டுக்கும் மாலை ஷிஃப்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் அறுத்து, ராவி, கேஸ் அடுப்புச் சூட்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்து ஓர் எஞ்சினைச் செய்து முடித்துவிட்டார். கருநீலத்தில் நாலு கோட் பெயிண்ட். பக்கவாட்டில் வெள்ளையில் ஏழு என்று ஓர் எண், அவர் ஓட்டுகிற பஸ்ஸின் நம்பர். பெட்டியைத் திறந்ததும் கூட்டத்தில் இருந்த வெல்டர்கூட வாயைப் பிளந்தார். அந்த வெல்டர் சாமானியத்தில் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை.

"இது நீங்களே பண்ணதா?"

"பின்ன, எங்க வீட்ல வேலைக்கு ஆளா வெச்சிருக்காங்க?" என்றார் டிரைவரம்மா. ஸ்பிரிட்டும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். ஸ்பிரிட்டைத் தொட்டியில் ஊற்றினார். தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது லேபிள் சார் குறுக்கே கையை நீட்டினார்.

"அது என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணிதான் சார். காய்ச்சி ஆற வெச்சது."

"ஐயையோ, அதெல்லாம் கூடாதும்மா. உப்புப் படிஞ்சு பாய்லர் பாழாயிடும். பேட்டரி தண்ணிதான் ஊத்தணும். என்கிட்ட இருக்கு, இருங்க."

தன் மேசையிலிருந்து 'தண்ணீர், பாய்லருக்கு மட்டும்' என்று மூன்று இடத்தில் ஒட்டியிருந்த பாட்டிலைக் கொண்டு வந்தார். மூடியைத் திறந்து மூக்கருகில் வைத்து, கண்ணை மூடி, நிதானமாக ஓர் இழுப்பு இழுத்தார். பார்க்கிறவர்களுக்குப் பக்தியே வந்துவிடும். பிறகு புத்தம்புது பாய்லரில் தன் கையால் ஊற்றினார். இணைப்புகளிடம் குனிந்து அங்கேயும் ஓர் இழுப்பு.

"மூக்கு ஓகே!"

"பத்த வை!" என்றது தோட்டம்.

டிரைவரம்மா தீக்குச்சியை உரசித் திரிக்குக் காட்டினார். புகைபோக்கி மேல் வைத்த குட்டி விசிறி 'ஙொய்' என்று சுற்றி, தீயை உள்ளே இழுத்தது. சற்று நேரத்தில் அழுத்தமானியின் முள் அசைந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே அசைந்தது.

"பாருங்க, என்ன சுறுசுறுப்பு! முதல் சூட்டுலயே முள்ளு எழுந்திரிக்குது" என்றார் லேபிள் சார் பெருமையாக.

டிரைவரம்மா மூக்கைச் சுளித்தார். "சார், ஏதோ வாசனை தூக்கலா வருதே? ஊசி போடற ரூம் மாதிரி."

அந்த நொடியில் லேபிள் சார் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியலம்மா, வேற யாரையாவது கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க என்று. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் முந்திக்கொண்டது.

"புது பெயிண்டும்மா. முதல் தடவை சூடேறும்போது அப்படித்தான் அடிக்கும். எனக்கும் வருதே."

சொல்லிவிட்டு விசிறியை எடுத்தார். புகைபோக்கிக்குள் நீராவியைப் பீய்ச்சுகிற திருகை அரைச் சுற்றுத் திறந்தார்.

பாய்லருக்குள் இருந்தது தண்ணீராக இருந்தால் புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி வந்திருக்கும். வந்தது தீ. ஒரு முழ உயரத்துக்கு, வெயிலில் சரியாகக் கண்ணுக்குக்கூடத் தெரியாத தீ. காற்று நெளிகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான், அதற்குள் அவருடைய இடது புருவம் பொசுங்கிவிட்டது. "சார், தள்ளுங்க!" என்று டிரைவரம்மா அவரைப் பிடித்து இழுக்கவும், பாதுகாப்பு வால்வு திறந்து அதிலிருந்து இரண்டாவது தீ சீறவும் சரியாக இருந்தது. நாலு கோட் நீலம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

மற்றவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிரைவரம்மாதான் ஓடினார். வருடா வருடம் பஸ்ஸில் தீயணைப்புப் பயிற்சி எடுத்த கை. சுவரில் மாட்டியிருந்த சிவப்பு உருளையை உருவி, பின்னைப் பிடுங்கி, மூன்று வருடமாகக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்த எஞ்சின் மேல் தானே வெள்ளைத் தூளைக் கொட்டினார். தீ அடங்கியது. தண்டவாளத்தில் மாவில் புரட்டியெடுத்த மாதிரி என்னவோ ஒன்று நின்றுகொண்டிருந்தது.

நல்லவேளை, டிரைவரம்மாவுக்கு மணிக்கட்டில் ஒரு சின்னச் சூடு. லேபிள் சாருக்குப் புருவம். அவ்வளவோடு போயிற்று. பல் டாக்டர் டிரைவரம்மா கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போனார்.

ஆபத்து போனதும் ஆராய்ச்சி வந்தது. வெல்டர் சும்மா இருப்பாரா? எஞ்சினைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"ஸ்பிரிட் தொட்டி கசிஞ்சிருக்கணும். அந்த மூலை ஜாயின்ட்டைப் பாருங்க, ஈயம் சரியா ஓடல. கசிஞ்ச ஸ்பிரிட் பூரா பத்திக்கிச்சு. கேஸ் அடுப்புல வெச்சுப் பத்த வெச்சா இப்படித்தான் ஆகும்."

"முதல் எஞ்சினுக்கே இவ்வளவு பெருசா போயிருக்க வேணாம்" என்றார் இன்னொருவர். "சின்னதா ஏதாவது பண்ணிப் பழகிட்டு வந்திருக்கலாம்." யாரும் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் சொன்னார்கள்.

குழாயடியிலிருந்து திரும்பி வந்த டிரைவரம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார்.

"அந்த ஜாயின்ட் எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை பிரிச்சுப் பண்ணேன். மூணாவது தடவை சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, "சார் புருவம் போச்சு. குழந்தைங்க யாராவது பக்கத்துல நின்னிருந்தா? எனக்கு இது சரிப்பட்டு வராதுங்க. பெட்டியில போட்டு பரண்ல ஏத்திடறேன்" என்றார்.

குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறவர் வாயிலிருந்து வந்த பேச்சு அது. பரணில் ஏறினால் அது திரும்ப இறங்காது என்று கேட்ட எல்லாருக்கும் தெரிந்தது.

லேபிள் சார் அப்போது தன் மேசைப் பக்கம் இருந்தார். நெற்றி காந்தியது. கர்ச்சீப்பை எடுத்து, கையில் கிடைத்த தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்து, புருவம் இருந்த இடத்தில் ஒற்றினார். சுரீர் என்றது. மறு நொடி ஜில்லென்றது. இன்னும் ஒரு நொடியில் கர்ச்சீப் காய்ந்துபோயிருந்தது.

அந்தச் சில்லிப்பை அவருக்குத் தெரியும். முப்பது வருடமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறவருக்குத் தெரியாதா? ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சால் தேய்ப்பார்களே, அந்தச் சில்லிப்பு. புறங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயின. 'ஸ்பிரிட்' என்று மூன்று இடத்தில் ஒட்டியிருந்த மற்ற பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். அவை அப்படியே உருண்டையாக நின்றன.

முந்தின நாள் சாயங்காலம் கண்முன்னால் வந்தது. லேபிள்களில் எண்ணெய்க் கறை பட்டிருந்தது. இந்த மனிதருக்குத்தான் லேபிளில் கறை இருந்தால் பொறுக்காதே! இரண்டு பாட்டில்களையும் வெந்நீரில் ஊறப்போட்டுப் பழைய லேபிள்களை உரித்தார், மூடியில் ஒட்டியதையும் அடியில் ஒட்டியதையும்கூட. துடைத்து மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து ஃபோன். பிறந்து ஐந்து மாதமான பேத்தி திரையில் கொட்டாவி விடுவதைக் கால்மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இடதுபுறம் தண்ணீர், வலதுபுறம் ஸ்பிரிட், அது அவருடைய வழக்கம். அந்தக் கணக்கில் புது லேபிள்களை அழுத்தி அழுத்தி ஒட்டினார். நடுவில் மனைவி மேசையைத் துடைத்துவிட்டுப் பாட்டில்களை எடுத்து வைத்தது அவருக்குத் தெரியாது. மூக்கு இருக்கிற எவனும் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்திருப்பான்.

லேபிள் சாரின் தப்பு லேபிளிலேயே நடந்திருந்தது. இதைச் சொல்லிச் சிரிக்கலாம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் செய்த அடுத்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. பாட்டிலை எடுத்துக்கொண்டு வேலி ஓரமாக நடந்தார். செடிகளுக்குப் பின்னால் நின்று மூடியைத் திறந்தார். கவிழ்த்தால் ஒரு நிமிடம். மண் குடித்துவிடும், வெயில் காய வைத்துவிடும், எவனுக்கும் தெரியாது. வெல்டர்தான் தீர்ப்பே சொல்லிவிட்டாரே. அந்த அம்மாவும் ஒப்புக்கொண்டுவிட்டார். பாட்டிலைச் சாய்த்தார். கொஞ்சம் கொட்டவும் கொட்டியது.

அப்போது பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பெட்டியின் ஒரு கொக்கி. டிரைவரம்மா எஞ்சினை உள்ளே வைத்து மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவது கொக்கி மாட்டுப்படாமல் முரண்டு பிடித்தது.

பாட்டிலை நிமிர்த்தி மூடியைத் திருகிக்கொண்டு லேபிள் சார் திரும்பி நடந்தார். நேராக மச்சினனிடம் போய் நீட்டினார்.

"மாப்ளே, இதை மோந்து பாரு."

பல் டாக்டர் லேபிளைப் படித்தார். "தண்ணியை என்னத்த அத்தான் மோந்து பாக்கறது?"

"பாருன்னா பாரு."

மூடியைத் திறந்ததும் டாக்டரின் முகம் மாறியது. லேபிளை மறுபடி படித்தார். பாட்டிலை வெல்டரிடம் நீட்டினார். வெல்டர் முகர்ந்தார், அடுத்தவரிடம் கொடுத்தார். பாட்டில் கை மாறிக் கை மாறிப் போனது.

"பாய்லர்ல இதைத்தான் ஊத்தியிருக்கேன்" என்றார் லேபிள் சார். "ஜாயின்ட்டெல்லாம் ஒண்ணும் கசியல. அந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. லேபிளை மாத்தி ஒட்டினது நான்."

"ஆனா நீங்க மோந்து பாத்தீங்களே அத்தான்? நாங்க எல்லாரும் பாத்தோமே."

"எனக்கு மூக்கு இல்ல மாப்ளே."

"ஏன், நல்லா நீளமா..." என்று வழக்கம்போல ஆரம்பித்த பல் டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா வாசனை தெரியாது. அந்தக் காய்ச்சலோட போச்சு. சொன்னா இந்த வேலையை வாங்கிடுவீங்களேன்னு சொல்லல. ரெண்டு வருஷமா உங்க எல்லாருக்கும் பொய்யாத்தான் ஓகே சொல்லிட்டிருந்தேன்."

ஒவ்வொருவரும் தன் எஞ்சினை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

லேபிள் சாரின் மனைவி வராந்தாவிலிருந்து எழுந்து வந்தாள். தம்பி வீட்டுக்கு வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவள். "நேத்து அந்த பாட்டில்களை நான்தாங்க நகத்தி வெச்சேன். மேசை ஈரமா இருந்துச்சேன்னு..."

"நீ சும்மா இரு. நீ நகத்துவ, காத்துல உருளும், எது வேணா நடக்கும். மோந்து பாக்கத்தானே என்னைப் போட்டிருந்தாங்க" என்றார். அந்த விஷயத்தில் அவர் நழுவவில்லை.

டிரைவரம்மா பெட்டிமேல் கை வைத்தபடியே நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கத்தியிருந்தால்கூட லேபிள் சாருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"நான் கேட்டேனே சார்" என்றார் அவர். "ஊசி போடற ரூம் மாதிரி வாசனை வருதுன்னு கேட்டேனே. எனக்கும் வருதுன்னீங்களே."

"ஆமா."

"என் மூக்கு சரியாத்தான் சொல்லிச்சு. நீங்க சொன்னதால நான் அதை நம்பல. என் ஜாயின்ட்டையும் நம்பல. மூணு வருஷம் சார்!" கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்த நீர். முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலம்மா" என்றார் லேபிள் சார். சட்டைப்பையில் குத்தியிருந்த பொறுப்பாளர் பேட்ஜைக் கழற்றி மச்சினன் கையில் கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணு. அதைப் பரண்ல ஏத்திடாதீங்க. நான் இனிமே இந்தப் பக்கம் வரல. நீங்க வாங்க."

வெல்டர் அதற்குள் பெட்டியின் கொக்கியைத் தானே விடுவித்திருந்தார். எஞ்சினை வெளியே தூக்கி, தூளை ஊதி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த மூலை ஜாயின்ட்டை நகத்தால் தட்டினார். ஸ்பிரிட் தொட்டியைத் திறந்து பார்த்தார். ஊற்றினதில் எரிந்தது போக மீதி அப்படியே இருந்தது.

"சொட்டுக்கூடக் கசியல" என்றார். "நான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். அருமையான ஜாயின்ட்டும்மா இது. கேஸ் அடுப்புலயா வெச்சீங்க? எனக்கே இப்படி வராது."

அந்த வார்த்தைதான் டிரைவரம்மாவை அசைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எஞ்சினையே பார்த்தார். புகைபோக்கியைச் சுற்றி நீலம் உரிந்து பித்தளை தெரிந்தது. ஏழாம் நம்பர் மட்டும் பொட்டுக் குறையாமல் இருந்தது.

"பெயிண்டுதானே போச்சு" என்றார் கடைசியில். "பஸ்ஸுல வாரத்துக்கு ஒரு கீறல் விழுது. இன்னிக்கே ஓட்டணும். ஓட்டாம வீட்டுக்குப் போனா நான் தூங்க மாட்டேன்." பிறகு லேபிள் சார் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க சார் கிளம்பறீங்க? கெடுத்தது நீங்க. வந்து கழுவுங்க."

கழுவினார். மூன்று மணிநேரம் கழுவினார். பழைய பல் பிரஷ்கள் மச்சினனிடம் டஜன் கணக்கில் இருந்தன. பாய்லரை மூன்று தடவை அலசினார்கள். வெல்டர் கைப்பம்பை மாட்டி, வேலை செய்கிற அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பதினைந்து நிமிடம் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தார். முள் இறங்கவில்லை. புதுத் திரி போட்டார்கள். டிரைவரம்மா அவரோடு அதிகம் பேசவில்லை. "அந்த இடுக்குல இன்னும் இருக்கு", "துணியை மாத்துங்க", அவ்வளவுதான். அவரும் சொன்னதைச் செய்தார்.

மறுபடி நெருப்பு வைக்கிற நேரம் வந்தது. பழக்க தோஷம், எல்லார் கண்ணும் லேபிள் சாரைத் தேடியது. அவர் இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். டிரைவரம்மா பாட்டிலை எடுத்து முகர்ந்தார். தொட்டியை முகர்ந்தார். ஒவ்வோர் இணைப்பாக, நாய்க்குட்டி மாதிரி, விடாமல் முகர்ந்தார்.

"மூக்கு ஓகே!"

"பத்த வை!"

இந்தத் தடவை புஸ்ஸென்று வெள்ளையாக வந்தது ஆவி. திருகைத் திறந்தார். ஏழாம் நம்பர் ஒரு தடவை கனைத்து, வயிற்றில் தேங்கியிருந்த தண்ணீரைத் துப்பி, நகர்ந்தது. டிரைவரம்மா பக்கத்திலேயே நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். எலுமிச்சை மரத்தைத் தாண்டும்போது சின்னப் பெண் மாதிரி ஓடினார். தோட்டம் கைதட்டியது. லேபிள் சாரும் தட்டினார். ஒற்றைப் புருவத்தோடு, கண் கலங்கி, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத கோலத்தில் தட்டினார்.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"தெனமும் காபியைக் கையில வாங்கினதும் 'வாசனை ஆளைத் தூக்குது'ன்னு சொல்வீங்களே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போன வருஷம் ஒரு நாள் பால் தீஞ்சு போச்சு. வீடு பூரா நாத்தம். நான் ஜன்னலைத் திறந்துட்டு நிக்கறேன், நீங்க வந்து உக்காந்து 'வாசனை ஆளைத் தூக்குது'ன்னீங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றாள். "சொல்லியிருக்கணும். இன்னிக்கு யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா அதுல எனக்கும் பங்கு உண்டு."

அவள் கையை எட்டிப் பிடித்தார். நாலு பேர் முன்னால் அவர் அப்படிச் செய்து பழக்கமில்லை.

"அடுத்த மாசம் பாப்பா வரா. தலையை மோந்து பாருங்கப்பான்னு உங்க பொண்ணு நீட்டுவா. என்ன சொல்வீங்க?"

"ஒண்ணும் தெரியலன்னு சொல்வேன்" என்றார். "நீ மோந்து பாத்து எனக்குச் சொல்லு."

"சொல்றேன்" என்றாள் அவள்.

அதற்குள் ஏழாம் நம்பர் வேகம் குறைந்து மேசைக்கு எதிரே வந்து நின்றது. "தண்ணி இறங்கிடுச்சு. யார் ஊத்தறது?" என்று பல் டாக்டர் கேட்டார். பேட்ஜ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, யாருக்குக் குத்துவது என்று தெரியாமல் வைத்திருந்தார். டிரைவரம்மா அதை வாங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டார்.

"சார், நீங்கதான் ஊத்தணும். மத்தியானம் ஊத்தினதுக்குப் பதிலா."

லேபிள் சார் புதுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கை தன்பாட்டுக்கு மூக்குக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தி, அவரிடம் நீட்டினார். டிரைவரம்மா முகர்ந்தார். அதோடு விடாமல், "அக்கா, நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்று மனைவி பக்கம் தள்ளினார். பட்ட சூடு அப்படி.

மனைவி குனிந்து நன்றாக இழுத்துப் பார்த்தாள். "ஒரு வாசனையும் வரலியே."

"எனக்கும் அதேதான்" என்றார் லேபிள் சார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு வெல்டர் வெடித்தார், அவரைத் தொடர்ந்து தோட்டமே சிரித்தது. டிரைவரம்மா உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"மூக்கு ஓகே" என்றார் சிரிப்புக்கு நடுவில். "ஊத்துங்க சார்."

அவர் ஊற்றினார்.